ஒரே ஒரு குழாயோடு கும்மிடிப்பூண்டிக்கு

சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்து, வேட்டியில் சுருட்டி வைத்திருந்த குழாயை வெளியே எடுத்தார். காரீயமும் வெள்ளீயமும் கலந்த தகட்டை உருட்டிச் செய்த, முழங்கை நீளக் குழாய். அடியில் கூம்பாக ஒரு கால், அதற்குச் சற்று மேலே வாய்போல ஒரு கீறல்.

“இது என்னங்க?”

“ஆர்கன் குழாய். ஊதினால் சத்தம் வரும்.”

“எங்க, ஊதுங்க.”

இத்தனை பேர் வரிசையில் நிற்கும்போது எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் ஊதினேன். எனக்குப் பின்னால் வெகுநேரமாக அழுதுகொண்டிருந்த கைக்குழந்தை சட்டென்று அழுகையை நிறுத்தியது. அதிகாரி குழாயை வேட்டியில் அவரே சுற்றிக் கொடுத்து, போகலாம் என்று கையைக் காட்டினார்.

நான் பிறந்தது கோவில்பட்டியில். பிழைப்பது இங்கிலாந்தில், கடலோரச் சிற்றூர் ஒன்றின் பள்ளி ஆய்வகத்தில். விசா வாங்கிக்கொண்டுதான் தமிழ்நாட்டுக்கு வருகிறேன் என்பதால், இதை வெளிநாட்டுப் பயணம் என்று எழுதினால் சட்டப்படி யாரும் என்னைக் கேட்க முடியாது. சனிக்கிழமைகளில் எங்கள் ஊரின் பழைய சினிமா கொட்டகைக்குப் போவேன். அங்கே ஒரு குழாய் ஆர்கன் இருக்கிறது. அதைத் துடைத்து, ஒட்டி, முடுக்கிப் பேசவைத்துக்கொண்டிருக்கும் நாலைந்து கிறுக்கர்களில் நானும் ஒருவன்.

ஊமைப்படக் காலத்தில் திரைக்கு முன்னால் ஒரு வாத்தியக் கோஷ்டியே உட்கார்ந்து வாசிக்கும். அத்தனை பேருக்கும் பதிலாக ஒரே ஆள் போதும் என்று வந்ததுதான் சினிமா ஆர்கன். வயலின், புல்லாங்குழல், எக்காளம் எல்லாம் குழாய்களிலேயே வரும். அது போதாதென்று முரசு, மணி, கார் ஹார்ன், ரயில் விசில், பறவைச் சத்தம், குதிரைக் குளம்படி எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பொத்தான்கள். படங்கள் பேச ஆரம்பித்த பிறகு ஆர்கனுக்கு இடைவேளை மட்டும் மிஞ்சியது. விளக்கொளியில் வாசிப்பவரோடு தரைக்குள்ளிருந்து எழும்பி வந்து, நாலு பாட்டு வாசித்துவிட்டு, மறுபடியும் தரைக்குள் போய்விடும்.

உள்ளே நடப்பது இதுதான். நிலவறையில் மோட்டாரில் சுற்றும் பெரிய விசிறி ஒன்று, புளோவர், காற்றைத் தள்ளும். அந்தக் காற்று தோல் துருத்தி ஒன்றுக்குள் போகும். துருத்தியின் தலையில் இரும்புக் கட்டிகள் வைத்திருக்கும். அந்தப் பாரம்தான் காற்றை ஒரே அழுத்தத்தில் நிறுத்திவைக்கிறது. அங்கிருந்து குழாய்கள் நிற்கும் பெட்டிக்குப் போகும். வாசிப்பவர் கட்டையை அழுத்தினால் மின்சாரம் ஒரு சின்னக் காந்தத்தை உசுப்பும், காந்தம் ஒரு தோல் பையின் காற்றை வெளியே விடும், பை சுருங்க, குழாயின் அடிமூடி திறந்து குழாய் பேசும். சொல்லத்தான் இவ்வளவு நேரம். காற்றையே உலுக்கிவிடும் பெட்டி ஒன்றும் உண்டு. அதைத் திறந்தால் எல்லாக் குழாய்களும் தொண்டை கம்மி நடுங்கும். கதாநாயகி அழும்போது அதைத்தான் திறப்பார்கள்.

போன குளிர்காலத்தில் புளோவரின் விசிறிச் சக்கரம் விரிசல் விட்டு உடைந்தது. ஆர்கன் ஊமையாகிவிட்டது. கொட்டகைக் கமிட்டிக்காரர்கள் மரியாதையாகத்தான் சொன்னார்கள்: ஈஸ்டர் திங்கட்கிழமை ஊமைப்படம் போடுகிறோம், அன்றைக்கு ஆர்கன் பேசினால் சரி, இல்லாவிட்டால் குழாய்களை இறக்கிவிட்டு அந்த அறையை ஐஸ்கிரீம் கிடங்காக்கப் போகிறோம். அந்தப் பழைய மாதிரிச் சக்கரம் செய்து தர எங்கள் பக்கம் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. ரைஸ் மில்களுக்குப் புளோவர் செய்யும் கும்மிடிப்பூண்டிப் பட்டறை ஒன்றுதான், போனில் இரண்டு நாள் பேசிப் படங்களைப் பார்த்துவிட்டு, சக்கரத்தோடு முழுப் புளோவரையே செய்து தருகிறோம் என்றது. நான் கொண்டுபோகும் குழாயை அதில் ஊதவைத்துப் பரிசோதித்து, பெட்டியில் போட்டு, சனிக்கிழமைக்குள் துறைமுகத்தில் சேர்த்தாக வேண்டும். அடுத்த கப்பலில் போனால் ஈஸ்டர் தாண்டிவிடும்.

கிளம்பும்போது எங்கள் ஆர்கன் வாசிப்பாளர் டோரதி ஒன்று சொன்னார். “குதிரைக் குளம்படிச் சத்தத்துக்குத் தட்டும் தேங்காய் ஓடும் விரிசல் விட்டிருக்கிறது. உங்கள் ஊரில் தேங்காய் கிடைக்குமா?” இதை ஒரு தமிழனிடம் கேட்கிறார். பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

திங்கட்கிழமை சென்ட்ரலில் மின்சார ரயில் ஏறி, ஜன்னலோரம் இடம் கிடைத்த மகிழ்ச்சியில் உலகத்தையே மறந்துவிட்டேன். எதிரே மருத்துவமனை வேலை முடிந்து வீடு திரும்பும் ஒரு பெண்மணி. எங்கே போகிறீர்கள் என்று கேட்டார், சொன்னேன்.

“கும்மிடிப்பூண்டியா? இது திருவள்ளூர் வண்டி சார். திருநின்றவூரே தாண்டியாச்சு. ஏறச்சொல்ல போர்டு பாக்கறதில்லியா?”

“இறங்கித் திரும்பிப் போகட்டுமா?”

“அது பேஜாரு. திருவள்ளூர்லயே எறங்கி நாஷ்டா துன்னுட்டு, பெரியபாளையம் பஸ்ஸ புடிங்க. அங்கேர்ந்து வண்டி கீது.” வேப்பம்பட்டில் இறங்கிய பிறகும் ஜன்னல் பக்கமாக வந்து, “திருவள்ளூரு, மறந்துடாதீங்கோ” என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் ஊரில் பக்கத்து வீட்டுக்காரர் என்னோடு இவ்வளவு பேச ஆறேழு வருஷமாகும்.

தவறிப்போனதும் நல்லதற்குத்தான். திருவள்ளூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே இட்லியும் வடகறியும் சாப்பிட்டேன். கடலைப்பருப்பு வடையை உதிர்த்துப் போட்டுக் கொதிக்கவைத்த அந்தக் குழம்பை மூன்றாம் முறை கேட்டபோது பரிமாறியவர் வாளியையே என் பக்கத்தில் வைத்துவிட்டார். பஸ்ஸில் மடியில் இருந்த குழாயைப் பார்த்த கண்டக்டர், “இன்னா சார், புல்லட்டு சைலன்சரா?” என்றார். ஆமாம் என்று சொல்லி வைத்தேன். விளக்கம் சொல்லத் தெம்பில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பட்டறைக்குப் போனேன். தொழிற்பேட்டையின் கடைசி வரிசை. சுவருக்கு அந்தப் பக்கம் நெல் வயல். உரிமையாளர் ஸ்டெல்லா, நாற்பதை ஒட்டிய வயது. அவருடைய பெற்றோர் அதே வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அவர் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்து, பத்துப் பேருக்கு வேலை கொடுக்கிறார். ஃபோர்மேன் முனுசாமி நெற்றியில் பட்டையோடு வந்து, என் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டார்.

புளோவர் நடுக்கூடத்தில் நின்றது. சக்கரம் அச்சு அசலாகப் பழையதேதான்; தொட்டுப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதன் பிறகுதான் மற்றதைப் பார்த்தேன். கூட்டின் மேல் வெள்ளைப் பெயின்டில் ஒரு சிலுவை, அதன் கீழே ‘கர்த்தருக்குக் காணிக்கை’. அச்சின் முனையில், நான் கேட்டதைப் போல இரண்டு பங்கு வேகத்தில் சுற்றும் பெரிய புது மோட்டார்.

“மோட்டார் எங்க கணக்கு சார்,” என்றார் ஸ்டெல்லா. “ஆர்கன்னு சொன்னீங்க. தேவனோட வீட்டுக்குப் போறதுக்கு சின்ன மோட்டார் போட்டு அனுப்ப மனசு வரல. எல்லாரும் சேந்து குடுத்தோம். முனுசாமியண்ணனும்தான்.”

“எந்த சாமி ஊடா இருந்தா இன்னா,” என்றார் முனுசாமி.

பைப் ஆர்கன் என்று போனில் சொன்னேனே தவிர, அது எங்கே இருக்கிறது என்று நானும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. ஆர்கன் என்றால் தேவாலயத்தில் இருப்பது. அதற்கு மேல் அதில் கேட்க என்ன இருக்கிறது? அன்றைக்கு வாயைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. பழவேற்காட்டு இறாலில் ஸ்டெல்லா செய்து கொண்டுவந்த தொக்கு, அந்தத் தைரியத்தை இன்னும் குறைத்தது.

புதன்கிழமை ஓட்டிப் பார்த்தோம். காற்று வெளியேறும் வாயில் என் குழாயைப் பொருத்தி மோட்டாரைப் போட்டார்கள். தகரக் கூரை அதிர்ந்தது. முனுசாமி முகத்தில் பெருமை தாங்கவில்லை. இந்தப் பக்கத்தில் புளோவர் என்றால் தெருமுனை வரைக்கும் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் மில்காரர்கள் எடுத்துக்கொள்ள மாட்டார்களாம். குழாயோ பாடவில்லை, அலறியது. வேகம் இரண்டு பங்கானால் அழுத்தம் நாலு பங்காகும். அந்தக் காற்றில் என் குழாய் தன் சுருதியை விட்டுவிட்டு மேலே எங்கோ போய்க் கிறீச்சிட்டது.

“இந்த மோட்டாரைக் கழற்றிவிட்டு மெதுவாகச் சுற்றுவதைப் போட முடியுமா?” என்று கேட்டேன்.

ஸ்டெல்லா தலையை ஆட்டினார். “அது முடியாது சார். காணிக்கைன்னு ஜெபம் பண்ணிக் குடுத்தாச்சு. குடுத்தத திரும்ப எடுத்தா, அது எங்களுக்கு நல்லாருக்காது. சனிக்கிழம பாஸ்டர் வந்து ஆசீர்வாதம் பண்ணி அனுப்பப் போறாரு.”

இனியும் மறைத்தால் நான் மனிதனில்லை என்று தோன்றியது. “ஸ்டெல்லா, இது சர்ச்சுக்குப் போகவில்லை,” என்றேன். “சினிமா கொட்டகைக்குப் போகிறது.”

முனுசாமி சிரிக்க ஆரம்பித்து, ஸ்டெல்லாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பிறகு என்னை வெளியே கூட்டிக்கொண்டு போய்த் தணிந்த குரலில் சொன்னார்: “அவங்க சபையில சினிமான்னா ஆவாது சார். சின்ன வயசுலேர்ந்து அவங்க கொட்டா வாசப்படியே மிதிச்சதில்ல. இப்ப பாருங்கோ, காணிக்கைய திரும்பவும் எடுக்க முடியாது, சினிமாவுக்கும் அனுப்ப முடியாது. நல்லா மாட்டிக்கினாங்க.”

உள்ளே ஸ்டெல்லா புளோவரின் மேல் ஒரு தார்ப்பாயைப் போட்டு மூடிக்கொண்டிருந்தார். “பாஸ்டர கேக்கணும் சார். நாளைக்கு வாங்க,” என்றார். கோபமே இல்லாமல் சொன்னதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அன்று மாலை கடைத்தெருவில் ஒடிசாத் தொழிலாளர்கள் நடுவே நின்று பானிபூரி சாப்பிட்டேன். ருசியே தெரியவில்லை. எனக்கு அப்படி ஆவது அபூர்வம்.

வியாழக்கிழமை பராமரிப்புப் பணிக்காகத் தொழிற்பேட்டை முழுக்க மின்தடை. எல்லாப் பட்டறைகளும் வாயை மூடிக்கொண்டிருக்க, வயலில் கொக்கு கத்துவது கேட்டது. இங்கிலாந்தில் ஐந்து நிமிஷம் மின்சாரம் போனால் ஊரே தெருவுக்கு வந்துவிடும். இங்கே மர நிழலில் உட்கார்ந்து எல்லோரும் நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

சும்மா இருக்க முடியாதவர் முனுசாமி. “கரன்ட் இல்லாட்டி இன்னா, நைனா கிட்ட டிராக்டர் கீது,” என்றார். வயலின் சொந்தக்காரரை எல்லோரும் நைனா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர் டிராக்டரைப் பட்டறை வாசல் வரை கொண்டுவந்தார். மோட்டாரைப் புளோவரிலிருந்து பிரித்துவிட்டு, அச்சில் ஒரு புல்லிச் சக்கரம் மாட்டி, தண்ணீர் இறைக்கும் எந்திரத்துக்குப் போடும் நீளமான பெல்ட்டை டிராக்டரிலிருந்து அதற்கு இழுத்துக் கட்டினார்கள். ஸ்டெல்லா ஓரமாக நின்று பார்த்தார். தடுக்கவும் இல்லை, கிட்டே வரவும் இல்லை.

நைனா முடுக்கினார். குழாய் நேற்றைப் போலவே அலறியது.

“மெதுவா நைனா, மெதுவா,” என்றேன் நான். அவர் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார். அலறல் கீழே கீழே இறங்கியது, ஒரு கணம் இருமியது, பிறகு சட்டென்று தன் சொந்தக் குரலுக்கு வந்தது. உருண்டையான, தேன் மாதிரியான ஒற்றை ஸ்வரம். புளோவர் சத்தம் இருக்கிற இடமே தெரியவில்லை. டிராக்டர் எவ்வளவோ கத்திக்கொண்டிருந்தும் எல்லோரும் குழாயைத்தான் கேட்டோம். நைனா ஸ்டியரிங்கில் தாளம் போட ஆரம்பித்துவிட்டார், இருப்பது ஒரே ஸ்வரம் என்றாலும்.

ஸ்டெல்லா பெல்ட்டைப் பார்த்தபடியே வந்தார். “சார், மோட்டார மாத்தவே வேணாம். மோட்டார்ல சின்ன புல்லி, புளோவர்ல பெரிய புல்லி போட்டு பெல்ட் மாட்டிட்டா வேகம் பாதியாயிடும்.” சொல்லி முடித்ததும்தான் மற்றது ஞாபகம் வந்தது போலிருக்கிறது, முகம் மறுபடியும் சுருங்கிவிட்டது.

அந்த நேரத்தில்தான் பாஸ்டர் தன் ஸ்கூட்டியை வாசலில் நிறுத்தினார். நரைத்த மீசை, வெள்ளைச் சட்டை. ஸ்டெல்லா ஸ்தோத்திரம் சொல்லி, நடந்ததைச் சொன்னார். பாஸ்டர் என்னைப் பார்த்தார்.

“இது படம் காட்டற மெசினா சார்?”

“இல்லை. பாட்டு வாசிக்கிற வாத்தியத்துக்குக் காற்று கொடுக்கிறது. ஆனால் படத்துக்குத்தான் வாசிக்கும். மறைக்க விரும்பவில்லை. வருகிற ஈஸ்டர் திங்கள் போடுவது சிரிப்புப் படம். குதிரை ஓடும், ஆட்கள் விழுவார்கள்.” போனில் டோரதி வாசித்த பழைய பதிவு ஒன்றைப் போட்டுக் காட்டினேன். முரசு வந்தது, மணி வந்தது, கார் ஹார்ன் வந்தபோது முனுசாமி பின்னால் திரும்பிப் பார்த்தார். கடைசியில் காற்றை உலுக்கும் பெட்டியைத் திறந்து டோரதி ஒரு தாலாட்டு வாசித்தார். எல்லாக் குழாய்களும் நடுங்கிப் பாடின. பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எனக்கு சினிமா புடிக்காது,” என்றார். “இப்பவும் புடிக்காது. சிஸ்டர், காணிக்கைன்னு வெச்சப்போ இன்னான்னு ஜெபம் பண்ணீங்க?”

ஸ்டெல்லா யோசித்தார். “பெருசா ஒண்ணும் இல்ல பாஸ்டர். இந்தக் காத்து போற எடத்துல குந்தினு இருக்கறவங்க மனசு லேசாவணும்னு.”

“சர்ச்சுன்னு சொன்னீங்களா?”

“இல்ல.”

“அப்ப நீங்க கேட்டத அவரு எங்க குடுக்கணுமோ அங்க குடுக்கட்டும். எடத்த நாம ஏன் சொல்லணும்?” என்றபடி பாஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “சனிக்கிழம வரேன். நைனா, அத இன்னொரு வாட்டி ஓட்டுங்க, கேக்கலாம்.”

எனக்கு அந்த மனிதரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. கைகுலுக்கியதோடு நிறுத்திக்கொண்டேன். இங்கிலாந்து என்னை அந்த அளவுக்குக் கெடுத்து வைத்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை முழுக்கப் புல்லி வேலை. சனிக்கிழமை காலை பாஸ்டர் புளோவரின் மேல் கைவைத்து ஜெபம் செய்தார். ஸ்டெல்லாவின் அதே வார்த்தைகளைத்தான் சொன்னார். அவர் நகர்ந்ததும் முனுசாமி வந்து, சிலுவைக்குப் பக்கத்தில் இடிக்காமல் ஒரு குங்குமப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, வாசலில் தேங்காய் உடைத்தார். யாரும் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு மூடியும் சமமாக உடைந்திருந்தன. பார்த்ததும் டோரதி கேட்டது ஞாபகம் வந்தது. ஓடு வேண்டும் என்றேன், எதற்கென்றும் சொன்னேன்.

“குதிரைக்கா?” முனுசாமி பருப்பைத் தோண்டி எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, கொட்டாங்கச்சி இரண்டையும் சாணைக்கல்லில் பளபளவென்று தேய்த்து, சிமென்ட் தரையில் தட்டிப் பார்த்துத்தான் என்னிடம் தந்தார். பெட்டி லாரியில் ஏறி மீஞ்சூர் வழியாகத் துறைமுகத்துக்குப் போனது. நான் சரியான ரயிலில், போர்டைப் பார்த்து, சென்ட்ரல் போனேன்.

புறப்படும்போது ஸ்டெல்லா சொன்னார்: “படம் நான் பாக்க மாட்டேன் சார், தப்பா நெனைக்காதீங்க. ஆனா அன்னிக்கு எங்க புளோவர் ஓடறத மட்டும் போன்ல கேக்க வைங்க.”

ஈஸ்டர் திங்கட்கிழமை கொட்டகை நிரம்பிவிட்டது. டோரதி வாசித்தபடியே தரைக்குள்ளிருந்து மேலே எழும்பினார். கைதட்டல் அடங்கி விளக்குகள் அணைந்ததும், நான் யாருக்கும் தெரியாமல் நிலவறைக்கு இறங்கினேன். குண்டு பல்பின் வெளிச்சத்தில் சிலுவையும் பொட்டுமாகப் புளோவர் சுற்றிக்கொண்டிருந்தது. ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு, போனை அதன் கூட்டுக்குப் பக்கத்தில் பிடித்தேன்.

“ஒண்ணுமே கேக்கலியே சார். ஓடுதா?”

“ஓடுகிறது ஸ்டெல்லா. இதற்கு ஒரு முழம் தள்ளித்தான் நிற்கிறேன்.”

அந்தப் பக்கம் முனுசாமியிடம் அவர் சொல்வது கேட்டது: “ஓடுதாண்ணா. சத்தமே இல்லியாம்.” பட்டறையில் இதுவரை யாரும் சொல்லியிராத பாராட்டு அது. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அப்போது என் தலைக்கு மேலே குதிரை ஓட ஆரம்பித்தது. கும்மிடிப்பூண்டிக் கொட்டாங்கச்சிகள் படபடவென்று அடித்துக்கொண்டன. யாரோ குதிரையிலிருந்து விழுந்திருக்க வேண்டும். பெரியவர்களும் குழந்தைகளுமாக அத்தனை பேரும் சிரித்ததில் நிலவறைக் கூரையிலிருந்து தூசி உதிர்ந்தது.

“இன்னா சார் அது, மேல?” என்றார் ஸ்டெல்லா.

“நீங்கள் கேட்டதுதான்,” என்றேன்.

“போன கொஞ்சம் மேல தூக்கிப் புடிங்க சார்,” என்றார் ஸ்டெல்லா. நான் கையை உயர்த்தி, கூரையை ஒட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.